கூறு அளவில் ஒரு சந்தை: கோட்டாற்றில் வீட்டுத்தோட்டமும் உள்ளூர் உணவும்

1. கேள்வி

ஊர்கூடி வீட்டுத்தோட்டம் போடுவது, விளைந்ததை ஊருக்குள்ளேயே விற்பது என்ற இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் தமிழகத்தில் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. முதலில் விதைப் பொட்டலமும் வளர்ப்புப் பையும் வரும். பிறகு பயிற்சி நடக்கும். சில மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு மிஞ்சியதை எங்கே கொடுப்பது என்ற கேள்வி எழும். 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் தளை (விதையும் பையும் அடங்கிய பொதி) திட்டமும் இந்த வரிசையைப் பின்பற்றியதே. சொந்தச் சமையலுக்குக் கீரையும் தக்காளியும் கிடைத்தால் போதும் என்பவருக்கு அது போதுமானது. தோட்டம் ஓர் ஊரின் உணவுக்கும் சிறு வருமானத்துக்கும் வழி செய்ய வேண்டுமானால் அந்த வரிசை சரிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் பழைய வணிகத்தலமான கோட்டாற்றை முன்வைத்து இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஆராய்கிறது. இங்கே தோட்டம் செய்யும் அறிவுக்குப் பஞ்சமில்லை. விதைக்கும் கிழங்குக்கும் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் மிஞ்சும் இரண்டு கிலோ சேனையையும் நாலு கட்டுக் கீரையையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் இடம்தான் இல்லை. ஆகவே இங்கு தொடங்கப்படும் எந்த முயற்சியும் சந்தையிலிருந்து தொடங்கித் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. வணிக ஊர்

கோட்டாறு இன்று நாகர்கோவில் மாநகராட்சியின் ஒரு பகுதி. அதன் வணிக வரலாறு நாகர்கோவிலின் நகர வரலாற்றைவிட மிக நீண்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ‘கொட்டியாரா’ கோட்டாறே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். முதலாம் குலோத்துங்கன் தென்பாண்டி நாட்டின்மேல் படையெடுத்துக் கோட்டாற்றில் நிலைப்படை வைத்ததை அவன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் பாதையில், மலையாளக் கரைக்குப் போகும் சரக்கு தங்கிச் செல்லும் இடமாக அது இருந்ததே இந்த முக்கியத்துவத்துக்குக் காரணம். கம்போளம் எனப்படும் கடைத்தெருவின் பலசரக்குக் கடைகளும் அரிசி மண்டிகளும் இன்றும் அந்த மரபில் நிற்பவை.

நம் கேள்விக்கு இந்த வரலாற்றில் ஒரு கூறு முக்கியமானது. கோட்டாறு வெளியூர்ச் சரக்கை மூட்டைக் கணக்கில் வாங்கி விற்றுப் பழகிய ஊர். காய்கறியிலும் நாகர்கோவில் சந்தைகள் பாவூர்சத்திரத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் அவற்றுக்கு அப்பாலுள்ள மலைப்பகுதிகளையும் நம்பியிருக்கின்றன. விடிகாலையில் லாரி வரும். மண்டியில் சாக்கு இறங்கும். சில்லறைக் கடைக்காரர் அங்கே எடுப்பார். ஒரே ரகத்தில், ஒரே அளவில், தினமும் தவறாமல் வரும் சரக்குக்கு ஏற்றபடி இந்த ஏற்பாடு உருவாகியிருக்கிறது. இரண்டு மைல் தொலைவில் உள்ள வீட்டில் விளைந்த ஒரு தடியங்காய் இதற்குள் நுழைய வழியில்லை. மண்டிக்காரர் கெட்டவர் என்பதால் வந்த நிலை அல்ல இது. ஒரு தடியங்காய்க்கு அவர் சீட்டு எழுதினால் சீட்டுக்கு ஆகும் செலவுகூட அவருக்குத் தேறாது.

3. விளை

குமரி மாவட்டத்தில் வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்துக்கு விளை என்று பெயர். வயல் நெல்லுக்கு, விளை மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல நிலையிலுள்ள ஒரு விளையைக் கவனித்தால் அதன் ஒழுங்கு புரியும். கிணற்றடியில் சேம்பும் வாழையும் நிற்கும். துவைகல்லிலிருந்து ஓடும் தண்ணீர் வாழை மூட்டில்தான் விழும். அதைத் தாண்டித் தென்னை. தென்னைகளுக்கு இடையே அரைநிழலில் சேனையும் காச்சிலும். காச்சில் கொடி பூவரசில் ஏறும். நல்லமிளகு பலாவையோ அயனியையோ பற்றிக்கொள்ளும். வெயில் விழும் பக்கத்தில் மரச்சீனி (மரவள்ளி), வேலியோரம் முருங்கை, சமையலறைப் பின்வாசலுக்கு எட்டும் தூரத்தில் கறிவேப்பிலையும் காந்தாரி மிளகும். ஒரு செடியின் நிழல் இன்னொன்றுக்கு வேண்டிய நிழலாக இருக்கும்.

காலமும் இப்படியே பங்கிடப்பட்டிருக்கிறது. மாசியில் நட்ட சேனை ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுக்கு வரும். பங்குனி தொடங்கிச் சக்கை (பலா). மார்கழி, தையில் சிறுகிழங்கு. பொங்கலுக்கு அது இல்லாமல் முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் ஆண்டில் பெரும்பகுதி ஏதாவது ஒன்று வெட்டவோ பறிக்கவோ இருக்கும். எதுவும் மூட்டைக் கணக்கில் இருக்காது.

இந்த விளைச்சலுக்கு ஏற்றபடியே நாஞ்சில் சமையலும் உருவாகியிருக்கிறது. ஓர் அவியலுக்குச் சேனை ஒரு துண்டு, வாழைக்காய் ஒன்று, வழுதலங்காய் இரண்டு, முருங்கைக்காய் ஒன்று, சீனி அவரைக்காய் ஒரு பிடி, தடியங்காய் ஒரு கீற்று, புளிப்புக்கு மாங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல காய் வேண்டும். எதிலும் ஒரு கிலோ வேண்டியதில்லை. தீயலும் எரிசேரியும் துவரனும் இதே கணக்குதான். சிறிய அளவில் பலவகை என்று விளையும் நிலமும், சிறிய அளவில் பலவகை என்று கேட்கும் அடுப்பும் ஒரே ஊரில் இருக்கின்றன. நடுவில் உள்ள வணிகம் மட்டும் பெரிய அளவில் சிலவகை என்று இயங்குகிறது. கோட்டாற்றின் உணவுச் சிக்கலை இந்த முரணிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

4. விளை ஏன் சுருங்கியது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நில நெருக்கடி. அதில் உண்மை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மாநிலச் சராசரி 555. பங்கு பிரிந்த விளைகள் மூன்று செண்டு, ஐந்து செண்டு மனைகளாகிவிட்டன. முற்றத்தில் சிமெண்டுக் கல் பதிப்பதும் பரவிவிட்டது.

இரண்டாவது விளக்கம் பணப்பயிர். வெப்பமண்டல வீட்டுத்தோட்டங்களைப் பற்றிப் பி.எம். குமாரும் பி.கே.ஆர். நாயரும் எழுதியவை இத்துறையில் அடிப்படை நூல்களாகக் கருதப்படுகின்றன. கேரளத்தின் புரையிடத்தையும் சாவகத்தின் பெகரங்கானையும் போன்ற பல அடுக்குத் தோட்டங்கள், சந்தையின் இழுப்பு வலுக்கும்போது பன்மையை இழந்து ஓரிரு பயிருக்குச் சுருங்கும் அபாயம் உண்டு என்பது அத்துறையில் தொடர்ந்து பேசப்படுவது. குமரியின் மேற்குப் பகுதியில் ரப்பர் பரவியது இதற்கு நேர்ச் சான்று. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் மாவட்டத்தைத் தாக்கியபோது வாழைத்தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் ஒரே நாளில் சாய்ந்தன. ஒரே பயிரை நம்பியவருக்கு அந்த ஆண்டு முழுவதும் போயிற்று.

இரண்டு விளக்கங்களும் சரியானவையே. ஆனால் மூன்று செண்டு நிலத்திலும் ஒரு முருங்கையும் இரண்டு வாழையும் வீட்டுக்கு மிஞ்சிக் காய்க்கும். அந்த மிச்சம் முன்பு வீணாகவில்லை. ஓலைக் கடவத்தோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண்ணிடமோ பக்கத்துச் சந்தையிலோ அது விலைபோயிற்று. அப்படி வாங்கி விற்றவர்கள் குறையக் குறைய, மிஞ்சியது அழுகிற்று. அழுகியதைப் பார்த்தவர்கள் நடுவதைக் குறைத்தார்கள். சந்தை இழுத்ததால் சில விளைகள் மாறின என்றால், சந்தை எட்டாததால் பல விளைகள் கைவிடப்பட்டன. இரண்டாவது காரணத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

5. ஆய்வுகள் சொல்வது என்ன?

வீட்டுத்தோட்டம் பஞ்சகாலத்தில் உயிர் காத்த வரலாறு இம்மண்ணுக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த மரச்சீனி, 1942இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் முதன்மை உணவாயிற்று. 2022 நெருக்கடியில் இலங்கை அரசு தன் ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்காகவும் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்தது. ஆயினும் நெருக்கடி காலத்து வெற்றியை வைத்து அன்றாடத்தை அளக்க முடியாது.

ஊட்டச்சத்து ஆய்வுகளும் எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. வங்காளதேசத்தில் ஹெலன் கெல்லர் நிறுவனம் 1990இல் சிறு அளவில் தொடங்கிப் பிறகு விரிவாக்கிய வீட்டுத்தோட்டத் திட்டம் காய்கறி உண்பதைக் கூட்டியதற்காகப் பெயர்பெற்றது. எனினும் 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மாஸெட்டும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பாய்வு, இத்தகைய திட்டங்கள் குறிப்பிட்ட உணவுகளை உண்பதைக் கூட்டுகின்றன, ஆனால் குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் குறைத்ததற்கு வலுவான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் அடக்கம். தோட்டம் போட்டால் நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. தட்டில் வகை கூடும், வாங்கும் செலவு குறையும், கையில் சிறு காசு வரும் என்ற அளவில் நிற்பதே நேர்மை.

சந்தையோடு இணைந்த முன்மாதிரிக்கு ஆலப்புழை மாவட்டத்துக் கஞ்சிக்குழி ஊராட்சியைப் பார்க்கலாம். வெறும் மணல் நிலமான அங்கே 1990களின் நடுவில் வீடுதோறும் காய்கறி என்ற இயக்கம் தொடங்கியது. அது நிலைத்ததற்கு ஊராட்சியின் ஊக்கத்தோடு நெடுஞ்சாலை ஓரத்துக் காய்கறிக் கடைகளும் காரணம். விளைவித்தவருக்கு விற்கும் இடம் கண்ணெதிரே இருந்தது.

6. உழவர் சந்தையின் எல்லை

தமிழகத்தில் இதற்கான பதில் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிய உழவர் சந்தை, இந்திய அளவில் மதிக்கப்பட வேண்டிய ஏற்பாடு. கடைவாடகை கிடையாது, தராசு இலவசம், இடைத்தரகர் இல்லை. மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடச் சற்றுக் குறைவாகவும் விலை வைக்கப்படுவதால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஆதாயம். நாகர்கோவில் வடசேரியில் உள்ள உழவர் சந்தை கோட்டாற்றிலிருந்து எட்டாத தூரத்திலும் இல்லை.

ஆனால் அது உழவருக்கான சந்தை. நிலப்பதிவையும் சாகுபடியையும் அதிகாரிகள் சரிபார்த்த பிறகே அடையாள அட்டை கிடைக்கும். வீட்டுமனையாகப் பதிவான ஐந்து செண்டில் சேனை நடும் பெண் அந்தக் கணக்கில் உழவர் ஆவதில்லை. அட்டை கிடைத்தாலும் மூன்று கிலோ காயோடு விடிகாலையில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. பேருந்துச் செலவும் அந்த நேரத்து வீட்டு வேலையும் விற்பனையைத் தின்றுவிடும். உழவர் சந்தை இடைத்தரகரை நீக்கியது. அது பெரிய நன்மை. சிறு விளைச்சலுக்கோ, நேர்மையான ஓர் இடையாள் இல்லாமல் முடியாது.

7. அருகிலுள்ள இரண்டு படிப்பினைகள்

சிறுசிறு சரக்கைத் திரட்டும் கலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. கோட்டாற்றிலிருந்து சிறிது தொலைவில் உள்ள தோவாளைப் பூச்சந்தைக்குச் சில கிலோ பிச்சியோ அரளியோ மட்டும் வைத்திருப்பவரும் வரலாம். எடை போட்டு உடனே கணக்கு முடியும். சேர்ந்த பூ கேரளம்வரை போகும். கொண்டுவருவது எவ்வளவு குறைவானாலும் வாங்க ஆள் உண்டு என்ற உறுதியே அந்தச் சந்தையின் உயிர்.

இரண்டாவது முன்மாதிரி கடற்கரையில் இருக்கிறது. வலைக்கும் கட்டுமரத்துக்கும் முன்பணம் தந்த வியாபாரியே மீனுக்கு விலையும் வைத்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்ற எழுந்த கடற்கரைக் கிராமச் சங்கங்களின் மாவட்டக் கூட்டமைப்புகள், 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் இணைந்தன. குமரி மாவட்டக் கூட்டமைப்பும் அவற்றில் ஒன்று. மீனவர்களைத் திரட்டுவதில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கத்துக்கும் பங்குண்டு. சங்கத்தின் நடைமுறை எளிமையானது. கரைக்கு வந்த மீனைச் சங்கத்தின் ஆள் ஏலம் விடுவார். விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கும், ஒரு பங்கு கடன் அடைப்புக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும் போகும். மீதி மீனவர் கையில். முதல் விற்பனையைத் தன் கையில் வைத்துக்கொண்டதே சங்கத்தின் வலிமை. படகும் இயந்திரமும் கடனும் அதன் பிறகு வந்தவை. வீட்டுத்தோட்ட முயற்சியிலும் முதலில் பிடிக்க வேண்டியது முதல் விற்பனையைத்தான்.

8. கோட்டாற்றில் எப்படித் தொடங்கலாம்?

இந்தப் படிப்பினைகளைக் கோட்டாற்றுக்குப் பொருத்தும்போது முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் நாளொன்றுக்கு ஒருவருக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம் என்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு வாரம் சுமார் 11 கிலோ. தோட்டமுள்ள 50 வீடுகள் வாரம் மும்மூன்று கிலோ கொடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால் 150 கிலோ சேரும். அது வேறு 50 வீடுகளின் தேவையில் கால் பங்கு. முதலாண்டில் ஒரு வார்டுக்குள் எட்டக்கூடிய அளவு இதுதான். இதற்குமேல் கனவு காண வேண்டாம்.

கிலோவுக்குச் சராசரியாக 40 ரூபாய் என்று கொண்டால் வார விற்பனை 6,000 ரூபாய். அதில் ஒரு வீட்டின் பங்கு 120 ரூபாய். பத்து விழுக்காடு கழிவு வைத்தால் வீட்டுக்கு 108 ரூபாயும் விற்பவருக்கு மொத்தம் 600 ரூபாயும் கிடைக்கும். இதை மட்டும் நம்பி ஒருவர் பிழைக்க முடியாது. சம்பளத்துக்கு ஆள்வைத்து நடத்தும் முயற்சி நன்கொடை தீர்ந்த மாதமே மூடப்படும் என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை. எனவே இந்தச் சரக்கை, ஏற்கெனவே தெருவோரத்தில் காய் விற்றுப் பிழைக்கும் பெண்களின் வியாபாரத்தோடு சேர்ப்பதே வழி. அவர்களுக்கு 600 ரூபாய் கூடுதல் வருமானம். வாடிக்கை கைவசம் உண்டு. காயின் தரம் பார்க்கத் தெரியும். புதிய சந்தை அவர்களுக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்டால், ஏழையின் வாயிலிருந்து எடுத்து நடுத்தர வீட்டின் முற்றத்துக்குக் கொடுத்ததாகிவிடும்.

விற்பனை முறைக்கும் பழைய வழி ஒன்று கைகொடுக்கும். தெருவோரப் பெண் சாக்கை விரித்துக் கூறு கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய காயை அடியில் வைத்து, சிறியதை மேலே ஏற்றி, எல்லாக் கூறும் கண்ணுக்குச் சமமாக வரும்வரை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றிக்கொண்டே இருப்பார். வீட்டுத்தோட்டக் காய் ஒரே அளவில் வருவதில்லை. கூறு கட்டும்போது அந்தக் குறை தெரியாது. வீட்டாரிடம் எடைபோட்டு வாங்கி, அவியல் கூறு, தீயல் கூறு, கிழங்குக் கூறு என்று சமையலுக்குத் தக்கபடி எடையைச் சொல்லிக் கட்டி விற்கலாம். ஒன்றரை கிலோ சேனையை ஒரே வீட்டில் விற்பது கடினம்; ஆறு அவியல் கூறில் அது கரைந்துவிடும்.

இடத்துக்கும் சட்டத்தில் வழியுண்டு. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடும் இடத்தை இயல்புச் சந்தையாக அங்கீகரிக்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. மாநகராட்சியிடம் புதுக் கட்டடம் கேட்டுக் காத்திருப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாள் மாலை இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இடத்தை இச்சட்டத்தின்கீழ் கேட்பது எளிது.

விஷமில்லாத காய் என்ற உறுதிக்கு அண்டை வீட்டாரே சான்று ஆகலாம். பங்கேற்பு உத்தரவாத முறை என்னும் ஏற்பாட்டில் விளைவிப்போர் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து எழுதிவைக்கிறார்கள். நேரடியாக உண்பவருக்கு விற்கும் சிறு விளைவிப்பாளருக்கு இயற்கை உணவுச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2017ஆம் ஆண்டு விதிமுறை விலக்கும் அளிக்கிறது. ஆனால் கோட்டாற்றை ஒட்டி ஓடும் பழையாற்றில் கழிவுநீர் கலப்பது நெடுநாள் புகார். கீரைக்கு விடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த ஏட்டில் எழுத வேண்டும். ரசாயன உரமிடவில்லை என்பது மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது.

9. எதிர்வாதங்கள்

மூன்று மறுப்புகளை நேராகச் சந்திக்க வேண்டும். முதலாவது, பெண்களின் உழைப்பு. வீட்டுத்தோட்டம் என்றால் நடைமுறையில் பெண்ணின் தலையில் இன்னொரு வேலை. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முயற்சியின் விதியாக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கிய நாளிலிருந்தே பெண்ணின் பெயரில் கணக்கு என்ற வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. பணம் அந்தக் கணக்கில்தான் சேர வேண்டும்.

இரண்டாவது, நிலமற்றவர். நாஞ்சில் நாட்டில் நிலம் சாதியோடு பிணைந்தது. விளை உள்ளவர் யார், புறம்போக்கிலும் காலனியிலும் மூன்று செண்டில் வாழ்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை மட்டும் ஊக்குவிக்கும் திட்டம் உள்ளவருக்கே மேலும் கொடுக்கும். விற்பனை, கூறு கட்டுதல், நாற்று வளர்த்தல், ஆளில்லாத விளைகளைக் குத்தகைக்கு எடுத்தல் ஆகியவற்றில் நிலமற்றவருக்கு முன்னுரிமை இருந்தால்தான் இது ஊரின் முயற்சி.

மூன்றாவது, சந்தையே பன்மையை அழிக்கும் என்ற அச்சம். நேந்திரன் நன்றாக விலைபோனால் எல்லாரும் நேந்திரனே வைப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைக்கும் நாளை அந்த நிலை வரலாம். கூறு முறை இதற்கு ஓரளவு தடை. அவியல் கூறுக்குப் பலவகை வேண்டும். ஒரே காயைக் கொண்டுவந்து குவிப்பவருக்கு அங்கே இடம் குறைவு.

10. முடிவு

கோட்டாற்றில் இத்தகைய முயற்சியை அளப்பதற்கு மூன்று எண்கள் போதும்: ஓராண்டில் எத்தனை வகைக் காய் விற்றது, கொடுத்தவர்களில் ஐந்து செண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் எத்தனை பேர், விற்ற பெண்களின் வருமானம் எவ்வளவு கூடியது. விற்பனைத் தொகை கூடி வகை குறைந்தால், அது இன்னொரு மண்டியாகிவிட்டது என்று பொருள். வகை கூடியும் விற்கும் பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு. மூன்றும் சேர்ந்து கூடினால்தான் விளைக்கும் அடுப்புக்கும் நடுவே அறுந்த தொடர்பு மீண்டதாகச் சொல்ல முடியும்.

ஆகவே முதல் கூட்டத்தில் விதைப் பொட்டலம் கொடுக்க வேண்டாம். எந்த இரண்டு நாள், எந்த இடம், எந்தப் பெண்கள் விற்பார்கள், ஒரு கீரைக்கட்டானாலும் வாங்குவோம் என்று யார் பொறுப்பேற்பார்கள் என்பதை அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மூட்டில் எதை நட வேண்டும் என்பதைக் குமரி வீடுகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.